ராக்காயியின் வெள்ளிக்கிழமைப் பாட்டு

ராக்காயி பாட்டை நிறுத்தியபோது மாயாண்டிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். கட்டிய பெண்டாட்டியின் வாயால் ஈப்போவின் புந்தோங் பகுதி முழுக்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவனுக்கு ரோடு போடுகிற வேலை. தார் கொதிக்கிற வெயிலில் கல் வாரிக் கொட்டும்போது கூட்டாளிகள் கேட்பார்கள்: "என்னா மாயாண்டி, நேத்து லோரி மேடு ஏறுச்சா இல்லையா?" அவன் குறட்டையை வைத்து ராக்காயி ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். பாரம் ஏற்றிய பழைய லோரி ஒன்று மேடு ஏறும், நிற்கும், பின்னால் உருளும், மறுபடி உறுமிக்கொண்டு ஏறும். அவ்வளவுதான் பாட்டு. பாசாரில் மீன் வெட்டுகிறவன்கூட அதை முணுமுணுத்தான்.

பீடோர் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, இருக்கிற சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இருவரும் ஈப்போவுக்கு வந்தவர்கள். ஒரே மகன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். ராக்காயிக்குப் பழைய டவுனில் ஒரு மதுக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே பெரேரா என்ற கிழட்டுப் பியானோக்காரர் ஜாஸ் வாசிப்பார். ஒரு நாள் தரையைத் துடைத்தபடி அவள் புல்வெட்டுப் பாட்டு ஒன்றை முனகியிருக்கிறாள். மனுஷன் சத்தம் காட்டாமல் அவள் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போயிருக்கிறார். அறையின் அந்தக் கோடி வரைக்கும் துடைத்து முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்ததாம்.

அதிலிருந்து சனிக்கிழமைப் பிற்பகல்களில் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பாடலானாள். கைலி, மாயாண்டியின் பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு. கவிழ்த்துப் போட்ட ரப்பர்ப் பால் வாளிதான் மத்தளம். பாடியதெல்லாம் அவளே கட்டியவை. மட்டம் போட்டவனைவிட நோயில் கிடந்தவனுக்குச் சம்பளத்தை அதிகம் வெட்டிய தோட்டத்துக் கணக்குக் கிராணியைப் பற்றி ஒன்று. மழை கொட்டிப் பால்மரம் வெட்டாத நாளில் வயிறு பேசிய பேச்சு ஒன்று. கோழி திருடியவன் கோழிக்கே மாப்பிள்ளை ஆன கதை ஒன்று. தாளத்துக்குப் பிந்தித்தான் வருவாள். வராமலே போய்விடுவாளோ என்று கேட்கிறவன் பதறும்போது வந்து விழுவாள். "இத எவனும் படிச்சிக் குடுக்க முடியாது," என்பார் பெரேரா.

அவளாகவே ஒரு கேசட்டும் போட்டாள். பெரேராவின் மெஷினில் பதிந்தது. பின்னணியில் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும். அதை மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக்கடைக் கல்லாவில் வைத்து விற்றார்கள். மீரா சாஹிப் சலித்துக்கொள்வார்: "ஒம்பொண்டாட்டி பாட்டப் போட்டா ரொட்டிய வாயில வெச்சுக்கிட்டு அப்பிடியே ஒக்காந்திருக்கானுங்கப்பா. எந்திரிக்க மாட்டேங்கிறானுங்க. எனக்கு மேசை வேணும்லா." சலித்துக்கொண்டே மறுபடியும் போடுவார்.

அந்தக் கேசட்டில் எல்லாருக்கும் தெரிந்தது வெள்ளிக்கிழமைப் பாட்டு.

கல்யாணத்துக்கு முன்னால் ராக்காயி தோட்டத்து டாக்டர் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். வெள்ளைக்காரர்கள்தான், ஆனால் இங்கிலீஷ்காரர்கள் இல்லை. உலகச் சண்டை முடிந்து ஐரோப்பாப் பக்கமிருந்து வந்த யூதர்கள் என்று சமையல்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் துரைசானி மெழுகுவத்தி ஏற்றுவாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டே எபிரேய பாஷையில் ஒரு பாட்டுப் பாடுவாள். சுற்றி முடிப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும். தாலாட்டு என்று ராக்காயி எடுத்துக்கொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டுப் பாடுவதை வேறு என்னவென்று எடுத்துக்கொள்வது? காதால் கேட்டே முழுவதையும் பிடித்துவிட்டாள். பிற்பாடு அதன் தலையில் தன் தாய் பாடிய ராராரோவைச் சேர்த்தாள். அடியில் பெரேராவின் பியானோ வந்து சேர்ந்தது. பொருள் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை. பிள்ளை தூங்கினால் சரி. நாளடைவில் அது புந்தோங்கில் ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. தொட்டில் போட்டுப் பேர் வைத்து முடித்ததும், "ராக்காயி அக்காவ வரச் சொல்லு, வெள்ளிக்கெழம பாட்ட ஒருக்காப் பாடிட்டுப் போகட்டும்," என்பார்கள்.

பின்வரிசையில் இருந்த சன்னாசி, பாப்பா தம்பதிக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த மகனுக்கும் அவள்தான் பாடினாள். கார்த்திகேசு என்று பேர் வைத்தார்கள். அடுத்த மாதமே அந்தப் பிள்ளை காய்ச்சல் கண்டு போய்விட்டது.

பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சடங்கு என்று ஒன்றும் கிடையாது. எரிப்பதில்லை, புதைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அந்தப் பேர் வராது. வீட்டில் அந்தப் பேரை எடுக்கவே கூடாது, எடுத்தால் அடுத்து வருகிற பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். புதைத்துவிட்டு வந்து கைகால் கழுவினார்கள். அத்தோடு சரி. தொட்டில் சேலையைப் பாப்பாவின் மாமியார் அவிழ்த்து மடித்து எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்துக் குழாயடியில் சன்னாசி ராக்காயியின் எதிரில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று மாயாண்டி பிறகு நினைத்ததுண்டு.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எம்புள்ள காதுல நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னா சாமி கேக்குற? பாட்டுத்தானே பாடுனேன்."

"பாட்டுத்தான். அதுல என்னா சொன்னீங்க? யாரக் கூப்பிட்டீங்க?"

ராக்காயி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாதே. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சன்னாசியே குனிந்து குழாயை மூடிவிட்டுப் போனான்.

அன்றோடு அவள் பாட்டு நின்றது. மீரா சாஹிப்பிடம் போய்க் கேசட்டைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். மதுக்கடையில் துடைக்கிற வேலை மட்டும். மிளகாய்ச் சம்பல் இடிக்கும்போது முனகல் இல்லை. கோழிகளைக்கூட ராகம் போட்டுத் திட்டுகிறவள், இப்போது கையை வீசி விரட்டினாள். மாயாண்டியின் நிம்மதி ஒரு வாரம் தாங்கியிருக்கும். பிறகு வீட்டுக்குள் நுழையவே அவனுக்குக் கால் கூசியது. துணி துவைக்கிற சத்தமும் கரண்டிச் சத்தமும்தான் வீட்டில் இருந்தன.

"காய்ச்சல்ல போன புள்ள, ராக்கு. டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் சொன்னது காய்ச்சலுக்கு. நான் சொன்னதுக்கு யாரு சொல்றது?"

"எத்தன புள்ளைக்குப் பாடியிருக்க? அதெல்லாம் ஓடியாடித் திரியுதுங்கலா."

"அதான் மாமா பயமா இருக்கு," என்றாள். "அது என்னான்னு தெரியாம இனி நான் வாயத் தொறக்கறதா இல்ல."

மாயாண்டி பெரேராவிடம் போய் நின்றான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பினாங்கிலிருந்து பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிற எஸ்ரா யூதர்தான், இந்தப் புதன்கிழமை வருகிறார் என்றார். கேசட்டுக்கு மீரா சாஹிப் கடைக்குப் போனான்.

"யஹூதிகிட்டயா போற?" என்றார் மீரா சாஹிப். "எனக்கு அவரத் தெரியும். நம்ம கடையிலதான் சாப்புடுவாரு. பாக்குறதுக்கு அச்சு அசல் எங்க வாப்பா. கோவமும் அப்பிடித்தான்." கேசட்டைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். "திருப்பிக் குடுத்துரு மாயாண்டி. வாரவனுங்க எல்லாம் கேட்டுக் கொல்றானுங்க."

எஸ்ரா பருத்த ஆள். மாயாண்டி போனபோது பியானோவின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது மலாய். மாயாண்டி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் தலையை வெளியே எடுக்கவில்லை.

"போடு," என்றார் உள்ளேயிருந்தே.

பெரேரா மெஷினை அழுத்தினார். ராராரோ வந்தது. வாளியில் விரல் விழுந்தது. பியானோ தயங்கித் தயங்கிக் கூட வந்தது. பிறகு அந்தச் சொற்கள். எஸ்ரா தலையை வெளியே எடுத்தார். கையில் இருந்த சுருதிச் சாவியைக் கீழே வைத்தார். பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"யார் இந்தப் பொம்பளை?"

"எம்பொண்டாட்டி, துவான். ஆயாவா இருந்தப்போ துரைசானி பாடக் கேட்டது."

"இது கோயில்ல பாடறது இல்ல. புத்தகத்துல உள்ளதும் இல்ல. அந்த அம்மாவே கட்டியிருக்கணும்." அவர் பியானோவின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். "ஷிமோன், ஷேவ் நா, எஹோல் நா. இதுதானே திரும்பத் திரும்ப வருது? ஷிமோன், உக்காருப்பா, சாப்பிடுப்பா. அவ்வளவுதான். அடுத்து ரிவ்கா, உக்காரும்மா, சாப்பிடும்மா. அடுத்து மெனாஹெம். அப்புறம் ரொட்டி இருக்கு, உப்பு இருக்குன்னு வருது. மறுபடியும் பேருங்க."

"விருந்தாளிங்களா, துவான்?"

"அவங்க எப்ப வந்தாங்க மலாயாவுக்கு?"

"சண்ட முடிஞ்சி. ஐரோப்பாவுலேருந்து."

எஸ்ரா தட்டுவதை நிறுத்தினார். "அப்ப இந்த விருந்தாளிங்க யாரும் வந்திருக்க மாட்டாங்க," என்றார். "அங்க எங்க ஆளுங்களக் குடும்பம் குடும்பமாக் கொன்னானுங்க. கூடப் பொறந்ததுங்களா இருக்கும். தாய் தகப்பனா இருக்கும்."

"எல்லாமே செத்தவங்க பேரா?"

"எனக்கு அவங்களத் தெரியாதுப்பா. ஆனா உசுரோட இருக்கிறவனச் சாப்பிடக் கூப்பிட யாரும் இப்பிடிப் பாட மாட்டாங்க." சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்: "அந்தக் கேசட்டுல எனக்கு ஒண்ணு கெடைக்குமா?"

மாயாண்டி மோட்டார் சைக்கிளை நேரே வீட்டுக்கு விடவில்லை. தான் போட்ட ரோடுகளில் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினான். பயந்தது பயந்தபடியே ஆகிவிட்டது. செத்தவர்களைக் கூப்பிடும் பாட்டைத்தான் புந்தோங் பிள்ளைகளின் தொட்டிலில் அவள் இத்தனை நாளும் பாடியிருக்கிறாள். சொன்னால் இனி ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டாள். சொல்லாவிட்டாலும் திறக்க மாட்டாள். ஆக, ஒரே ஒரு வழிதான் இருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ராக்காயி சுளகில் நெத்திலியைப் பரப்பித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவன் எங்கே போய் வந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"பாத்தேன் அந்த ஆள," என்றான். "நல்ல மனுஷன். தாலாட்டுத்தானாம் ராக்கு. சாதாத் தாலாட்டு. நெலாவாம், பூனக்குட்டியாம்."

"பூனக்குட்டியா?"

"ஆமா. பூனக்குட்டி தூங்கிருச்சி, நீயும் தூங்குன்னு."

"என்னா நெறம்?"

"என்னாது?"

"பூனை."

மாயாண்டி நெற்றியைத் தேய்த்தான். "வெள்ள."

ராக்காயி ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி ஓரத்தில் போட்டாள். "மூஞ்சியெல்லாம் தாரு. தொடச்சிட்டு ஒக்காரு மாமா. ஒக்காந்து உண்மையச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். சொன்னான். ஒன்றையும் விடவில்லை, கூட்டவுமில்லை. அவனுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு நெத்திலியை எடுத்தபடி ராக்காயி, "தட்டு," என்றாள்.

"என்னா தட்டு?"

"வெள்ளிக்கெழமயில துரைசானி மேச முழுக்கத் தட்டு வெக்கச் சொல்லுவா. தொரையும் அவளும் ரெண்டே பேருதான் சாப்புடுவாங்க. வாரேன்னுட்டு வராமப் போற ஆளுங்களுக்கு இவ ஏன் வாராவாரம் வெக்கிறான்னு நெனப்பேன். அழுக்குப்படாத தட்டயும் கழுவணுமான்னு திட்டிக்கிட்டேதான் கழுவுவேன், மாமா." அவள் கையில் இருந்த நெத்திலி அப்படியே இருந்தது. "அவ பேரு பேராக் கூப்பிட்டிருக்கா. நான் சோப்புப் போட்டுக் கழுவி வெச்சிருக்கேன்."

"அப்ப ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நம்ம படையல்ல கூப்பிடுறதுதானே. பேரச் சொல்லி, வந்து சாப்புடுன்னு. அவளுக்கு வாராவாரம் தீவாளிக்கு முந்துன நாளா இருந்திருக்கு." சுளகை நகர்த்தி வைத்து எழுந்தாள். "வா, போலாம்."

"எங்க?"

"பாப்பா வீட்டுக்கு. சன்னாசி கேட்டான்ல, யாரக் கூப்பிட்டேன்னு."

மாயாண்டி வாசலை மறித்தான். "ஒனக்கென்னா கிறுக்கா? செத்தவங்களத்தான் கூப்பிட்டேன்னு போய்ச் சொல்லப் போறியா? வெட்ட வருவான்லா."

"வந்தா வரட்டும். கேட்டவனுக்குப் பதில் சொல்லணும்ல." அவனை ஒதுக்கிவிட்டு நடந்தாள். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சன்னாசி வாசல்படியில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ராக்காயி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துரைசானி, மேசை, பேர்கள், பினாங்குக்காரர் சொன்னது. "நான் தாலாட்டுன்னு நெனச்சிட்டேன் சாமி. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒம்புள்ள பக்கத்துல அதக் கொண்டுபோயிருக்க மாட்டேன்."

சன்னாசி செயினை விட்டு எழுந்தான். மாயாண்டி ஓர் அடி முன்னால் வந்து நின்றுகொண்டான். பெண்டாட்டி மேல் விழுகிற அடி முதலில் தன்மேல் விழட்டும் என்ற கணக்கு.

உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "அக்காவ உள்ள வரச் சொல்லுங்க."

சன்னாசி அசையவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அவன் விலகினான்.

பாப்பா பாயில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிய மாரில், பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தாள். அந்த வாசம் அறை முழுக்க இருந்தது. நேற்று வரைக்கும் யாரோடும் பேசாதவள், ராக்காயியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அந்த வெள்ளக்காரம்மா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்களாக்கா? சத்தமாவா?"

"சத்தமாத்தான். பாட்டாவே."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"யாரு சொல்றது. அவ வீடு, அவ மேச."

பாப்பா அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே மாமியார் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"எனக்குப் பாடுங்கக்கா," என்றாள் பாப்பா. "அவனக் கூப்பிட்டுப் பாடுங்க. இங்க பேரச் சொல்ல உட மாட்டேங்கிறாங்க. எனக்கு நெஞ்சுக்குள்ளேயே கெடந்து வலிக்கிது."

அடுக்களையிலிருந்து ஒரு தடையும் வரவில்லை. ராக்காயி திரும்பிச் சன்னாசியைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல்படிக்குப் போய் உட்கார்ந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராக்காயி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கனைத்தாள். வாளி இல்லாததால் பாய் விளிம்பில் விரலால் தட்டினாள். ராராரோவை எடுக்கவில்லை. துரைசானி ஆரம்பித்த இடத்திலிருந்தே ஆரம்பித்தாள். ஷிமோனைக் கூப்பிட்டாள். ரிவ்காவைக் கூப்பிட்டாள். நடுவில், தோட்டத்தில் மரம் முறிந்து விழுந்து செத்த தன் தகப்பனை, இராமசாமியை, கூப்பிட்டாள். உட்காரு, சாப்பிடு என்பது இப்போது தமிழில் வந்தது. பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, "கார்த்திகேசு," என்று இழுத்தாள்.

பாப்பா அவள் முழங்காலைத் தொட்டாள்.

"அப்பிடி வேணாங்க்கா. அந்தப் பேரு அவனுக்குப் பழகவே இல்ல. தம்பின்னுதான் கூப்பிடுவோம்."

"தம்பி," என்று பாடினாள் ராக்காயி. "தம்பி, ஒக்காருய்யா, சாப்புடுய்யா..."

பாப்பா அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவில் ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அவனுக்கு எங்கக்கா ஒக்காரத் தெரியும்? பல்லே மொளைக்கல. பால் குடின்னு சொல்லுங்க."

அந்தச் சொல் மெட்டில் உட்காரவில்லை. ராக்காயி ஒருமுறை வைத்துப் பார்த்தாள், நொண்டியது. மறுமுறை நீட்டிப் பார்த்தாள். மூன்றாவது தரம் பாப்பாவே கூடச் சேர்ந்தாள். அவளுக்குப் பாட வராது. வராத குரலில்தான் பாடினாள்.

வெளியே மாயாண்டி சன்னாசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கழன்று கிடந்த செயினைக் கையில் எடுத்துக் கண்ணி கண்ணியாகத் துடைத்தான். உள்ளே பாட்டு தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. தெருவில் போன ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"பொறக்கும்போதே தல நெறைய முடிண்ணே," என்றான் சன்னாசி, ரோட்டைப் பார்த்தபடி. "நர்சுங்கல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுனாங்க."

"பாத்தேன்லா," என்றான் மாயாண்டி. "தொட்டில் அன்னிக்குப் பாத்தேன். நல்ல சுருட்ட முடி."

"என்னோடது மாதிரி இல்ல. அவ அப்பாவுது."

சன்னாசி பேசிக்கொண்டே இருந்தான். மாயாண்டி செயினைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.